பொட்டு வைக்க ஒரு வட்டம்

மூன்று கால் பிளக்கில் பெரிய காலை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இரண்டு கால்களோடு அதைச் சுவரில் செருகுகிற வழக்கம் கடலூர்ப் பக்கத்தில் நிறைய வீடுகளில் உண்டு. அந்தப் பெரிய கால்தான் எர்த். இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை. அதை வெட்டினாலும் மிஷின் ஓடத்தான் செய்யும். அதனால்தான் தைரியமாக வெட்டுகிறார்கள்.

அருள்மொழி அப்படிப்பட்ட வீடொன்றுக்கு ஒருநாள் விடியற்காலையில் ஓட நேர்ந்தது. அங்கே இருந்தது அவர் தன் கையால் செய்து விற்ற இரண்டாவது கிரைண்டர். வாங்கியவர் கடலூர் முதுநகரில் இட்லிக் கடை வைத்திருந்த தங்கம்மாள். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எம்மா, ஒன் மிஷினு சுர்ருங்குது. மாவ வழிக்கப் போனா கையப் புடிச்சி இழுக்குது."

போய்ப் பார்த்ததில் இரண்டு குறைகள் இருந்தன. பிளக்கில் எர்த் கால் இல்லை. அது வீட்டுக்காரர் குறை. இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் வயர் உரசி உரசி மேல்தோல் தேய்ந்திருந்தது. அது அருள்மொழியின் குறை. வயர் போகிற ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் தேய்ந்திருக்காது. அன்றே வளையத்தைப் போட்டார். பிறகு தங்கம்மாள் வீட்டுப் பின்கட்டில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் எடுத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அதிலிருந்து எர்த் சரியாக இல்லாத வீட்டில் அவர் மிஷினை இறக்குவதே கிடையாது. டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்துப் பார்த்து, விளக்கு எரிந்தால்தான் மிஷின் வண்டியை விட்டு இறங்கும். மிஷின்களைக் கொண்டுபோய்ப் போடுவது அவர் கணவர் இளவரசுவின் குட்டியானை வண்டி. "நீ கிரைண்டர் விக்கிறியா, கெணறு வெட்டுறியா?" என்று அவர் கேலி செய்வார். செய்துகொண்டே மண்வெட்டியையும் எடுத்து வண்டியில் போட்டுக்கொள்வார்.

அருள்மொழிக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா சுப்பராயலு கரும்பு விவசாயி. கோடை முழுவதும் அவருடைய பம்ப்செட் மோட்டார் காயில் எரிந்து நிற்கும். அதைச் சைக்கிளில் கட்டி நெல்லிக்குப்பத்துக்கு எடுத்துப்போகும்போது, பின்னால் மோட்டார் சாயாமல் பிடித்துக்கொண்டு நடந்து போவது அருள்மொழி. எரிந்த செம்பு நாற்றமும், புதுக் கம்பியைச் சுற்றி முடித்து அது மறுபடி உறுமுகிற சத்தமும் அவருக்கு அங்கேதான் பழக்கமாயின. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி சிதம்பரத்து ஜான்சி. ஜான்சி மேலே மேலே படித்துச் சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆய்வகப் பொறுப்பாளர் ஆனார். அருள்மொழி மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பிறகு முதுநகரில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்துத் தானே கிரைண்டர் செய்யத் தொடங்கினார்.

கல்லும் மோட்டாரும் கோயம்புத்தூரிலிருந்து வரும். உடம்பு மட்டும் உள்ளூர்ச் சரக்கு. முதுநகரின் உப்புக் காற்றில் தகர உடம்பு இரண்டு மழைக்காலம் தாங்காது. துறைமுகத்தில் ஃபைபர் படகு செய்கிற அறிவழகனிடம் போய், "கடல்ல மெதக்கிற படகு துருப்பிடிக்கல. என் மிஷினு மட்டும் ஏன் துருப்பிடிக்கணும்?" என்று கேட்டு, படகுக்கு ஊற்றுகிற அதே ஃபைபரில் கிரைண்டருக்கு உடம்பு ஊற்ற வைத்தார். அதுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. தங்கம்மாள் முட்டி வலியால் கடையை மகளிடம் விட்டுவிட்டு இங்கே காயில் சுற்ற வந்து சேர்ந்தார். சட்டம் பூட்டுவது, வயர் இணைப்பது எல்லாம் சின்னையன் மேஸ்திரி. இன்னும் மூன்று பேர். மாதம் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் போய்க்கொண்டிருந்தன.

வீட்டு மின்சாதனங்கள் ஒவ்வொன்றாக ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குள் வந்துகொண்டிருந்த காலம். கடலூரில் அவருடைய மிஷின்களில் பாதிக்கு மேல் விற்றுக்கொடுப்பவர் ஜெயப்பிரகாஷ். சித்திரையில் ஒருநாள் அவர் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"தை பொறந்தா முத்திரை இல்லாத சரக்க நான் கடையில ஏத்துறதா இல்லம்மா. ஒன் மிஷினு நல்ல மிஷினு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா கஸ்டமரு முத்திரையப் பாக்குறான். நாளைக்கி ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சா நான் எதக் காட்டுறது?"

அருள்மொழிக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. தையில் கடைகள் கதவைச் சாத்தினால் கொட்டகையில் ரிப்பேர் வேலை மட்டும்தான் மிஞ்சும். அதற்கு ஆறு பேர் வேண்டாம், ஒருவர் போதும். திரும்பி வந்து எல்லோரையும் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம மிஷினப் பாத்து நல்லாருக்குனு சொல்றதுக்கு இவன் யாரு?" என்றார் சின்னையன்.

"நல்லாருக்குனு நாம சொல்றோம் மேஸ்திரி. வேற யாராவது சொல்லட்டுமே" என்றார் அருள்மொழி.

விண்ணப்ப வேலைகளுக்கு ஜான்சி துணை நின்றார். முதலில் சென்னையில் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடம் ஒன்றில் மிஷின் தேற வேண்டும். ஓடவிட்டுச் சூடு பார்ப்பார்கள். வயரைப் பிடித்து இழுப்பார்கள். தண்ணீரை ஊற்றுவார்கள். பிறகு ஈரக் காற்று அடைத்த பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்து, எடுத்த கையோடு மிக உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சமையல்கட்டில் நிற்கிற மிஷினுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வதற்கான சோதனை அது. அருள்மொழி தன் கொட்டகையிலும் ஒரு சோதனை மேஜை போட்டார். ஒவ்வொரு மிஷினும் அதில் ஏறி இறங்கிய பிறகே வெளியே போக வேண்டும் என்பது முத்திரையின் நிபந்தனை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாதிரி மிஷின் தயாரானது. சோதனை மேஜையில் எல்லா அளவும் கச்சிதமாக இருந்தது. அடிமூடியைத் திருகுவதற்கு முன்பு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஜான்சி சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். மிஷின் முன்னால் நின்று கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் செய்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னையன் கண்ணாடி போடாமல், உள்ளே குனிந்து பார்க்காமலே மூடியைத் திருகினார். அருள்மொழி கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். இளவரசு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. சூடு, தேர்ச்சி. வயர் இழுப்பு, தேர்ச்சி. தண்ணீர், தேர்ச்சி. ஈரத்துக்குப் பின் கசிவு, தோல்வி. உயர் மின்னழுத்தம், தோல்வி.

அருள்மொழி போனில் அதை இரண்டு முறை படித்தார். கசிவு இருந்தால் அது மின்சாரம் உள்ளே நுழைகிற டெர்மினல் கட்டையில்தான் இருக்க வேண்டும். அங்கே வயர் முனைகளை லக் என்கிற செம்பு வளையங்களில் செருகி நசுக்கி அடித்தவர் சின்னையன். நேரே அவரிடம் போனார்.

"மேஸ்திரி, டெர்மினல்ல லக்கு நீங்கதான அடிச்சீங்க?"

"நான்தான். வேற யாரு அடிப்பா?"

"கம்பி இழ எதுனா வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"எத்தினி வருசமா அடிக்கிறேன். என்னியப் பாத்துக் கேக்குற?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு அடிச்சீங்களா?"

சின்னையன் எழுந்தார். கையிலிருந்த கட்டிங் பிளேயரை மேஜை மேல் வைத்தார். தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "கண்ணு தெரியாதவன் கையில எதுக்கும்மா கரண்டு வேலையக் குடுக்குற?" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மிஷினைச் சென்னையிலிருந்து இளவரசு நேராகச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து ஜான்சியின் ஆய்வகத்தில் இறக்கினார். அங்கே அளந்து பார்க்கக் கருவிகள் இருந்தன. இளவரசு வேறு லோடு ஏற்றப் போய்விட, தோழிகள் இருவரும் மிஷினைத் தலைகீழாகச் சாய்த்து அடிமூடியைக் கழற்றினார்கள்.

மூடி கழன்றதும் ஜான்சி, "இது என்னாடி மஞ்சளா?" என்றார்.

டெர்மினல் கட்டையின் மேல் மூன்று கோடாக விபூதிப் பட்டை. அதற்குப் பக்கத்தில் அச்சில் வார்த்த மாதிரி வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதற்குக் கீழே கட்டைவிரலால் அப்பியது போல இன்னொரு பெரிய பொட்டு. மூன்றும் ஈரப் பெட்டியில் ஊறி வழிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. மின்சாரம் வருகிற முனையிலிருந்து இரும்புச் சட்டம் வரைக்கும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பாதை போட்டிருந்தது. நடுவில் அது கருகியும் இருந்தது. மின்சாரம் அந்தப் பாதையைக் கண்டுபிடித்து நடந்து போயிருக்கிறது.

அருள்மொழி குனிந்து பார்த்தார். யார் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டை சின்னையனுடையது. காலையில் தன் நெற்றியில் போடுவதும் இப்படித்தான், இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக. அச்சு வட்டம் தங்கம்மாள். அப்பின பொட்டு குட்டியானையின் முன் கண்ணாடியில் தினமும் இருப்பது.

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமா, மிஷினுக்குள்ள பொட்டு வச்சியா?"

"எந்த மிஷினு?"

"சென்னைக்குப் போச்சே, அதுல."

வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு சின்னப் பொட்டுதான் அருளு. எல்லாரும் சாப்புடப் போயிருந்தீங்க. பாஸாவணும்னு நெனச்சி வச்சேன்."

"அதாலதான் ஃபெயிலு."

"அப்ப இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கணுமோ?"

ஜான்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நல்ல வேள, நான் ஜெபத்தோட நிறுத்திக்கிட்டேன். எண்ணெ தடவலாமானு கூட ஒரு நிமிசம் நெனச்சேன்டி."

சிரித்து முடித்துவிட்டு ஜான்சி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மூன்று பொட்டுகளையும் துடைத்தார். கருகின கட்டையை மாற்றினார். இன்சுலேஷனை அளக்கிற மெகர் கருவியை வைத்துப் பார்த்தால், முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. லக்குகள் ஒவ்வொன்றையும் அருள்மொழி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஓர் இழைகூட வெளியே இல்லை.

"முடிஞ்சிது. மூடி அனுப்பு. அடுத்த வாரமே பாஸு" என்றார் ஜான்சி.

அருள்மொழி மூடியைக் கையில் எடுத்தார். ஆனால் வைக்கவில்லை.

"ஜான்சி, இந்த மூணு பேரும் கரண்டு தெரியாதவங்களா? மேஸ்திரி வயசெல்லாம் வயரோட போச்சி. தங்கம்மாக்கா ஷாக் வாங்கினவங்க. அவுங்களே வச்சிருக்காங்க. வாங்கிட்டுப் போறவங்க வைக்க மாட்டாங்களா? ஆயுத பூஜையன்னைக்கி ஒரு மிஷினு பாக்கி இல்லாம எல்லாத்தையும் தண்ணி ஊத்திக் கழுவி, பொட்டு வச்சி, பூ வச்சி… ராத்திரி முழுக்க அது ஊறும்டி. மறுநாள் காலையில சுவிட்சப் போடுவாங்க."

"அதுக்கு? ஸ்டாண்டர்டுல பொட்டு டெஸ்ட்டுனு ஒண்ணு கெடையாதுடி."

"ஸ்டாண்டர்டுல இல்ல. சமையக்கட்டுல இருக்குதே."

"தைக்குள்ள வேணும்னு குதிச்சது நீதான. இப்ப உள்ள கைய வச்சா மறுபடி அச்சு, மறுபடி உடம்பு, மறுபடி எல்லாம். தை போயிடும். போனா ஆறு பேருக்கும் வேல போயிடும். யோசிச்சிப் பேசு."

ஜான்சி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. துடைத்து அனுப்பினால் முத்திரை நிச்சயம். ஏமாற்று வேலையும் இல்லை, விதிப்படி அது தேறுகிற மிஷின்தான். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வரும்போது அருள்மொழி இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோதனைக்குப் போகிற மிஷின் ஒன்று, சமையல்கட்டில் நிற்கிற மிஷின் இன்னொன்று என்று ஆகிவிட்டால், ஜெயப்பிரகாஷ் கேட்டாரே, எதைக் காட்டுவது என்று, அதற்குக் காட்ட முத்திரை இருக்கும். தங்கம்மாள் மாதிரி ஒருத்தி கையை வைக்கும்போது அந்த முத்திரை என்ன செய்யும்? பேருந்து ஆலப்பாக்கம் தாண்டும்போது அவர் முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சின்னையன் வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"லக்கு நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. ஒரு இழ கூட வெளிய இல்ல. நான் பேசினது தப்பு."

"அப்ப ஏன் ஃபெயிலாச்சி?"

"திருநூறு."

சின்னையனின் கை நின்றது. "யாரு வச்சது?"

"மூணு வெரலுப் பட்ட, எடது பக்கம் தூக்கலா. யாரோடதுனு எனக்குத் தெரியாதா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கரண்டு வர்ற எடத்துல வச்சாதான சாமி கரண்டப் பாத்துக்கும்னு…" என்று இழுத்தார். பிறகு, "நான் மட்டும்தானா?" என்றார்.

"மூணு பேரு. எம் புருசனும் ஒருத்தரு."

"அவனுமா!" என்று சின்னையன் முதல் முறையாகச் சிரித்தார். விசிறியை அப்படியே சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கொட்டகையில் மிஷினை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே இருக்கிற டெர்மினல் கட்டைக்கு மூடி போட்ட பெட்டி ஒன்று செய்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கேள்வி வெளிப்பக்கத்தைப் பற்றியது. பொட்டு வைக்காதீர்கள் என்று ஒரு சீட்டு அடித்து ஒட்டிவிடலாம் என்றார் இளவரசு.

"நீ ஒட்டு தம்பி. நான் படிச்சிட்டுத் தலையாட்டுறேன். பூஜையன்னைக்கி வைக்கத்தான் வைப்பேன்" என்றார் தங்கம்மாள்.

"எங்க வைப்பீங்கக்கா?" என்று கேட்டார் அருள்மொழி.

"சுவிட்சுகிட்டதான். மிஷினுக்கு மூஞ்சி அதுதான?"

அருள்மொழி மிஷினைத் திருப்பித் தன்னைப் பார்க்கவைத்தார். உண்மைதான். வழவழப்பான உடம்பு, முன்பக்கத்தின் நடுவில் கறுப்பாக ஒரு சுவிட்ச். வேறெதுவும் கண்ணில் படவில்லை. பார்க்கிறவர் கை தானாகவே அங்கேதான் போகும். அந்தச் சுவிட்சின் இடுக்கில்தான் சந்தனமும் தண்ணீரும் இறங்கும்.

அன்று சாயங்காலம் துறைமுகத்தில் அறிவழகனின் பட்டறையில் நின்று, சுவிட்சைப் பக்கவாட்டுக்கு மாற்றி அதற்கு மேலே ஒரு கூரை வேண்டும் என்றார். முன்பக்கத்தில், மனிதர்களுக்கு நெற்றி இருக்கிற உயரத்தில், லேசாகக் குழிந்த ஒரு வட்டம் வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்கு வயரோ இரும்போ வரக்கூடாது.

"வட்டம் எதுக்கு?" என்றார் அறிவழகன்.

"பொட்டு வைக்க."

"படகுக்கு நாங்க முன் கொம்புல வைப்போம். யாரும் எஞ்சினுக்குள்ள வைக்க மாட்டோம்" என்றார் அறிவழகன், அச்சைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே. "ஒங்க ஆளுங்களுக்கு எடம் தெரியல, அவ்ளோதான்."

புது அச்சில் ஏழு மிஷின்கள் ஊற்றினார்கள். புரட்டாசி பிறந்துவிட்டது. அருள்மொழி அவற்றைச் சென்னைக்கு அனுப்பவில்லை. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பாக, கடலூரில் நான்கு இடத்திலும் சிதம்பரத்தில் மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எர்த் சரிபார்த்துத்தான் கொடுத்தார். ஆனால் வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பூஜையன்று ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில்தான் மிஷின் ஓடும். அன்று யாரும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே அருள்மொழியும் ஜான்சியும் கசிவு அளக்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு குட்டியானையில் கிளம்பினார்கள்.

கடலூரில் நான்கு மிஷின்களிலும் பொட்டு வட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு வீட்டில் வட்டத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூவை வேறு ஒட்டியிருந்தார்கள். கசிவு, இருக்க வேண்டிய அளவுக்குள் இருந்தது. சிதம்பரத்தில் ஓட்டல் ஒன்றிலும் அப்படியே. அடுத்தது ஜான்சியின் அம்மா வீடு. அங்கே வட்டத்தில் மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"எங்கம்மா எங்கியோ வாங்கி வச்சிருந்த ஸ்டிக்கர்டி. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்திருக்குது பாரு" என்றார் ஜான்சி.

கடைசி இடம் சடையப்பனின் மெஸ். சடையப்பன் எதையும் குறைவாகச் செய்கிற ஆள் இல்லை. வட்டத்தில் ஒரு பொட்டு. உடம்பில் நான்கு பக்கமும் பொட்டு. கல்லுக்குப் பொட்டு, சுவிட்சின் கூரைக்குப் பொட்டு, பிளக்குக்குக்கூடப் பொட்டு. ஒரு முழ மாலை வேறு.

"எதுனா குடம் கிடம் ஊத்திக் கழுவினீங்களாண்ணே?" என்று கேட்டார் அருள்மொழி.

"பின்ன? ரெண்டு கொடம். சாமிக்கு வைக்கிற பொருள அழுக்கா வைக்க முடியுமா?"

மீட்டரை வைத்தார்கள். முள் ஏறியது. கையை இழுக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. அருள்மொழி மிஷினைச் சாய்த்து அடியைத் திறந்தார். டெர்மினல் பெட்டி காய்ந்து கிடந்தது. ஆனால் குழவிக் கல்லின் அடியிலிருந்து தண்ணீர் உடம்பின் உள்பக்கமாக வழிந்து மோட்டாரின் மேல் விளிம்பு வரை வந்திருந்தது. தண்ணீரை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட அங்கே ஒரு மடிப்பு இல்லை.

"பாத்தியா, ஆறு எடத்துல இது தெரியல" என்றார் அருள்மொழி. அவர் குரலில் வருத்தத்தை விடச் சந்தோஷம்தான் அதிகமாகக் கேட்டது. "அண்ணே, இந்த மிஷின எடுத்துக்கிட்டுப் போறேன். வேற குடுக்கிறேன்."

"ஏம்மா, நான் எதுனா தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லண்ணே. நீங்க ஊத்தின ரெண்டு கொடம்தான் சரியான டெஸ்ட்டு."

சின்னையன் இரண்டே நாளில் எவர்சில்வர் தகட்டில் அந்த மடிப்பை வளைத்துப் பொருத்தினார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தார். ஏழு மிஷின்களிலும் மாற்றிய பிறகு, சடையப்பன் கையாலேயே இரண்டு குடம் ஊற்றவைத்து ஓர் இரவு ஊறவிட்டு அளந்தார்கள். முள் அசையவில்லை.

ஐப்பசியில் புது மாதிரி சென்னைக்குப் போனது. கிளம்புவதற்கு முன் தங்கம்மாள் முன்பக்க வட்டத்தில் ஒரு பொட்டு வைத்தார். அதைத் துடைத்துவிட்டு அனுப்பு என்றார் ஜான்சி. இருக்கட்டும் என்றார் அருள்மொழி. நான்காவது நாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் இளம்பெண் போன் செய்தார். "மேடம், சாம்பிள்ல ஏதோ பொட்டு மாதிரி இருக்கு. ஈரப் பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி துடைச்சிடலாமா?"

"வேணாம்மா. அத வச்சிக்கிட்டேதான் அது ஓடப் போவுது. அப்படியே வைங்க."

பொட்டோடு வைத்தார்கள். கார்த்திகையில் அறிக்கை வந்தது. எல்லா வரியிலும் தேர்ச்சி. அதற்குப் பிறகு அதிகாரி ஒருவர் முதுநகருக்கு நேரில் வந்து, சோதனை மேஜையைப் பார்த்தார். அருள்மொழி ஒரு மிஷினைச் சோதிப்பதைப் பக்கத்திலிருந்து கவனித்தார். வட்டத்தைப் பார்த்து எதற்கு என்று கேட்டார். சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மார்கழியில், தைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உரிமம் வந்தது.

முத்திரையோடு முதல் மிஷின் தயாரான அன்று எல்லோரும் சோதனை மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஜெயப்பிரகாஷ்கூட வந்திருந்தார், ஆறு மிஷின் ஆர்டரோடு. அருள்மொழி மேஜையின் முன் உட்கார்ந்து அளந்தார். எர்த் இணைப்பில் மின்தடை இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை கூடுதலாகக் காட்டியது. மறுபடி அளந்தார். அதே அளவு.

"இது போவாது. கழட்டுங்க மேஸ்திரி. எர்த் போல்ட்டுல பெயிண்டு ஒட்டியிருக்கும்."

"மொத மிஷினே ஃபெயிலா?" என்றார் ஜெயப்பிரகாஷ். "நல்ல நாளும் அதுவுமா."

"நம்ம மேஜையில ஃபெயிலானா நல்லதுதாங்க. அடுப்படியில ஆவலியே."

சின்னையன் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு முறுக்கிக் கொடுத்தார். அருள்மொழி மீட்டரின் முனைகளை மறுபடி வைத்தார். இந்த முறை அளவு சரியாக இருந்தது. மிஷினை மேஜையிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டு, அடுத்ததை ஏற்றச் சொன்னார்.